கச்சாய் வீதியில் மிரியம் ரீச்சர்

மிரியம் ரீச்சருக்கு முதலில் சிறுத்துப் போனது எழுத்து.

சாவகச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவரும் நானும் பதினொரு வருடம் அடுத்தடுத்த வகுப்புகளில் படிப்பித்தோம். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஓர் அரைச்சுவர்தான். அவர் கரும்பலகையில் எழுதத் தொடங்கினால் என் வகுப்புப் பிள்ளைகளும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவு பெரிய, உருண்டையான எழுத்து. 2019ஆம் ஆண்டு இரண்டாம் தவணையில் ஒருநாள் கடைசி வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, எழுத்துத் தெரியவில்லை என்றாள். ரீச்சர் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். வரியின் தொடக்கத்தில் பெரிதாக இருந்த எழுத்து போகப் போகக் குறுகி, முடிவில் எறும்பு வரிசை போல ஆகிவிட்டது. சோக்கட்டி ஈரம் என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த நாளும் அப்படித்தான்.

பிறகு வலக்கை நடுங்கியது. நடக்கும்போது அந்தக் கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வருடம், கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்த காலத்தில், வாசற்படிகளில் கால் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. மனம் போ என்று சொல்லும், கால் போகாது. யாழ்ப்பாணத்தில் நரம்பு வைத்தியர் பார்த்துவிட்டுப் பார்க்கின்சன் என்றார். மாற்ற முடியாது, குளிசைகளால் கொஞ்சக் காலம் பிடித்து வைத்திருக்கலாம் என்றும் மறைக்காமல் சொன்னார். ரீச்சருக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. அதற்கடுத்த வருடம் மருத்துவச் சபைக்கு முன்னால் போய் நின்று, நோய்க்காரணத்தால் ஓய்வு பெற்றுக்கொண்டார். பிரியாவிடையில் நாங்கள் கொடுத்த பேனையை இரண்டு கையாலும் வாங்கினார். பேனை கொடுத்திருக்கக் கூடாது என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அவருடைய கணவர் லயனல் நீதிமன்றத்தில் இலிகிதர், வழக்குப் பதிவுகள் எழுதுகிற வேலை. அதிகம் கதைக்காத மனிதர். ஒரே மகள் அனுஜா கலியாணம் முடித்து மெல்பேணில் இருந்தாள். ஆகவே வீட்டில் இவர்கள் இருவர்தான். கால் ஒட்டிக்கொள்ளும்போது தள்ளவோ இழுக்கவோ கூடாது, முன்னால் ஏதாவது ஒன்றைக் குறுக்கே வைத்தால் அதைத் தாண்டக் கால் தானாக எழும்பும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். லயனல் தன் பாதத்தை ரீச்சரின் காலுக்குக் குறுக்கே நீட்டுவார். ரீச்சர் அதைத் தாண்டுவார். அறையிலிருந்து குசினிக்கு வருவதற்குள் இரண்டு மூன்று தடவை அப்படி நடக்கும்.

2022இல் நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது. மோட்டார் சைக்கிளை வரிசையில் நிறுத்திவிட்டு ஆட்கள் நாட்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். கொடிகாமத்தில் இருக்கும் லயனலின் தங்கை ஸ்ரெல்லா, தன் வீட்டில் சும்மா நின்ற லேடீஸ் சைக்கிளை, கோட்டுக்குப் போய்வர வைத்துக்கொள்ளச் சொல்லித் தமையனுக்குக் கொடுத்துவிட்டார். லயனல் அதற்கு ரயரும் ரியூப்பும் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, முற்றத்து மாமரத்தில் சாய்த்து வைத்தார்.

அந்தச் சைக்கிளை ரீச்சர் மூன்று கிழமை திரும்பியும் பார்க்கவில்லை. காரணத்தை அவர் எனக்குப் பின்னாளில் சொன்னார்.

அவர் பிறந்தது தெல்லிப்பழையில். தகப்பன் யாகோப்பு அங்கே ஒரு மிஷன் கல்லூரியில் கந்தோர் எழுத்து வேலை. தகப்பனின் தமக்கை மக்டலீன் தாதி. அந்த மாமியிடம் ஒரு சைக்கிள் இருந்தது. மாமி வேலையால் வந்து சற்றுப் படுத்து எழும்புவதற்குள் ஒன்பது வயது மிரியம் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சீற்றில் இருந்தால் கால் எட்டாது. நின்றபடியே உழக்குவார். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்கள்தான் அவருக்கு விருப்பம். காற்றை எதிர்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தோட்டவெளியின் அந்தம் வரை போய், சைக்கிளைத் திருப்பினால், பிறகு உழக்கவே தேவையில்லை. காற்று வீடு வரை தள்ளிக்கொண்டு வரும்.

"அப்ப நான் ஒண்டும் செய்யிறேல்லை, கஜந்தி. சும்மா இருப்பன். நான் சும்மா இருக்க, ஊர் போய்க்கொண்டிருக்கும்," என்றார்.

பிறகு தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை வந்தது. தெல்லிப்பழையை விட்டுப் புத்தூரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். பெற்றோல் வராத அந்த வருடங்களில் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. விறகும் சைக்கிளில், தண்ணீரும் சைக்கிளில், பிள்ளைப்பெறுவுக்குப் போகிறவளும் சைக்கிள் கரியரில். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் கிட்ட வர, ஊரெல்லாம் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டபோது, மூச்சு இழுக்கிற தொய்வு வருத்தக்காரரான தகப்பனைக் கரியரில் இருத்தி, விழாமல் சீற்றோடு சேர்த்துச் சேலையால் கட்டி, மழைக்குள் உருட்டிக்கொண்டு வந்தவர் மிரியம்தான். சன நெரிசலில் அடிக்கு அடி நின்று நின்று ஒரு பகல் முழுக்க எடுத்தது. தன்னை இறக்கிவிட்டுப் போகச் சொல்லித் தகப்பன் வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாராம். கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டாராம். மீசாலையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்றாம் நாள் அவர் மூச்சு அடங்கி மோசம் போனார்.

அதற்குப் பிறகும் ரீச்சர் சைக்கிள் ஓடாமல் இருக்கவில்லை. இருக்க முடியாது, வேலைக்குப் போக வேண்டும். ஆனால் விருப்பம் என்ற ஒன்று அதில் இல்லை. சமாதான காலத்தில் பாதை திறந்து ஸ்கூட்டிகள் வரத் தொடங்கியதும் முதல் ஆளாக ஒன்று வாங்கினார். பழைய சைக்கிளைக் கேட்டு வந்தவருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தார்.

இனி, சைக்கிள் வந்து மூன்று கிழமை கழிந்த ஓர் ஆடி மாதத்துக் காலைக்கு வருகிறேன். லயனல் கோட்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். வழியனுப்ப முற்றத்துக்கு வந்த ரீச்சரின் கால், மாமரத்துக்கு இரண்டு அடி இப்பால் ஒட்டிக்கொண்டது. சரிந்துபோகாமல் இருக்க எட்டிச் சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்தார். லயனல் வழக்கம் போலப் பாதத்தை நீட்ட வந்தார். ரீச்சர் வேண்டாம் என்றார். பெடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. நான் ஏறப் போறன்."

"உமக்கென்ன விசரே? நடக்கவே ஏலாமல் நிக்கிறீர்."

"நடந்தும் விழுறன்தானே. பிடியுங்கோ."

நோய் வந்த நாளிலிருந்து ரீச்சர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. அதனால்தான் பிடித்தேன் என்று லயனல் என்னிடம் சொன்னார். படலையைத் திறந்து, ஒழுங்கைக்குள் சைக்கிளைக் கொண்டுபோய், கரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். லேடீஸ் சைக்கிள் என்றபடியால் காலைத் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை. ரீச்சர் சீற்றில் இருந்து, பெடலை ஓர் உழக்கு உழக்கினார். இன்னோர் உழக்கு. லயனல் பின்னால் ஓடினார். ஆடிக்கொண்டிருந்த ஹாண்டில் பத்து யார் தூரம் போவதற்குள் நேரானது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் சிந்துகிற கை, ஹாண்டிலில் அசையாமல் இருந்தது. கரியரைத் தானாக விட்டாரா, சைக்கிள் பறித்துக்கொண்டு போனதா என்று லயனலுக்கு இன்றைக்கும் தெரியாது.

ஒழுங்கையின் முடிவில் உள்ள வெளியில் ரீச்சர் வட்டமடித்துத் திரும்பி வந்தார். நிற்பாட்டத்தான் தெரியவில்லை. லயனல் நடு ஒழுங்கையில் நின்று இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்து மறித்தார். கால் நிலத்தில் பட்டதும் பழையபடி ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து விறாந்தைக் கதிரைக்குப் பன்னிரண்டு யார் தூரம் இருக்கும். அதற்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. கதிரையில் இருந்த பிறகு ரீச்சர் அழுதார். சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்து லயனல் தலையைத் தடவினார். ரீச்சர், இல்லை என்றார். இவ்வளவு காலமும் இது தன்னிடம் இருந்திருக்கிறது, தானே இதைத் தூக்கி எறிந்துவிட்டதாகச் சொல்லி அழுதார்.

வைத்தியரிடம் சொன்னபோது அவர் அதிசயப்படவில்லை. நடை போகிற வழி பழுதாகிப்போன சிலருக்குச் சைக்கிள் உழக்குகிற வழி மிச்சம் இருப்பதுண்டு என்றார். ஏற்றவும் இறக்கவும் ஒரு ஆள் வேண்டும், பெரிய றோட்டுக்குப் போகக் கூடாது என்று மட்டும் சொன்னார். அது எவ்வளவு காலத்துக்கு என்று ரீச்சர் கேட்டார். அவர் அடுத்த மாதத்துக்கான குளிசைத் துண்டை எழுதத் தொடங்கினார்.

லயனல் தனக்கும் ஒரு பழைய சைக்கிள் தேடி எடுத்தார். காலைக் குளிசை போட்டு அரை மணித்தியாலத்தில், வெயில் ஏற முன்னம், இருவரும் வாகனம் குறைந்த கச்சாய் வீதியால் போவார்கள். லயனல் ரீச்சரை ஏற்றித் தள்ளிவிட்டு, ஓடிப்போய்த் தன் சைக்கிளில் ஏறி, எட்டிப் பிடித்து முந்துவார். முந்திப் போய், திரும்ப வேண்டிய இடத்தில் இறங்கி, ரீச்சரைப் பிடித்து நிற்பாட்டக் காத்து நிற்பார். முதலில் ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம். பிறகு இரண்டு. மாரிக்கு வயல்களில் தண்ணீர் ஏறிய காலத்தில் கடல்நீரேரி தெரிகிற இடம் வரை போய்வந்தார்கள்.

"சைக்கிளிலை இருக்கேக்கை எனக்கு வருத்தமில்லை," என்று ரீச்சர் சொன்னார். "இறங்கினோடனை வந்து ஒட்டும். படலையடியிலை எனக்காக நிண்டு பாத்துக்கொண்டிருந்த மாதிரி."

கச்சாய் வீதி ஆளில்லாத வீதி அல்ல. தோட்டத்துக்குப் போகிறவர்கள், மீன் வாங்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் கண்டார்கள். தேவாலயத்தில் கடைசி வாங்குக்கு வரவே அரை மணித்தியாலம் எடுக்கிற மிரியம் ரீச்சர் சைக்கிளில் பறக்கிறா என்று கதை வந்தது. எங்கள் ஆசிரியர் அறைக்கும் வந்தது. இப்படி ஓடித் திரிகிறவவுக்கு எப்படி மருத்துவச் சபை ஓய்வு கொடுத்தது என்று ஒருவர் கேட்டார். எங்களுக்கும் அப்படி ஒரு வருத்தம் வந்தால் நல்லது என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்து வகுப்பில் அந்த எழுத்து சிறுத்துப் போனதை நாள்தோறும் பார்த்தவள் நான்.

மார்கழி கழிய ஒரு பெட்டிசம் போயிருந்தது. பெயர் போடாத கடிதம். பொய் வருத்தம் காட்டி ஓய்வூதியம் எடுக்கிறார், தினமும் காலையில் சைக்கிள் ஓடுகிறார், போய்ப் பார்க்கலாம் என்று எழுதியிருந்ததாம். கல்வி அலுவலகத்திலிருந்து ரீச்சரை விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அவருடைய பழைய லீவுப் பதிவுகளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் வர வேண்டும் என்றார்கள். அதிபர் என்னை அனுப்பினார்.

நான் முதலே போய் அதிகாரியின் அறைக்குள் இருந்தேன். ஓட்டோ வந்து நின்றது. லயனலின் கையைப் பிடித்துக்கொண்டு ரீச்சர் விறாந்தையால் வந்தார். சின்னச் சின்ன அடி. அறை வாசலில் கால் நின்றுவிட்டது. வெளியே எட்டுப் பத்து மேசைகளில் இருந்த இலிகிதர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். லயனல் பாதத்தை நீட்டினார். ஆட்கள் பார்க்கப் பார்க்க அந்த நோய் இன்னும் இறுகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரீச்சரின் முழங்கால்கள் நடுங்கின, பாதம் எழும்பவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வெளியில் யாரோ, "நல்லாத்தான் நடிக்கிறா," என்று மெதுவாகச் சொன்னது உள்ளே எனக்கே கேட்டது. ரீச்சருக்குக் கேட்டிருக்கும்.

லயனல் கையில் இருந்த மருத்துவக் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து, தன் குடையை வாசலில் குறுக்கே நிலத்தில் கிடத்தினார். பிறகு அந்த இலிகிதர்களுக்கு முதுகைக் காட்டி, அவர்களுக்கும் ரீச்சருக்கும் நடுவில் நின்றார். ரீச்சர் குடையையே பார்த்தார். வலக்கால் மெல்ல எழும்பித் தாண்டியது. இடக்காலும் வந்தது. அதிகாரி எப்போதோ எழுந்து நின்றுவிட்டார். தன் கதிரைக்கு முன்னால் இருந்த கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து ரீச்சருக்குப் பக்கத்தில் வைத்தார்.

வந்ததற்கு ஒரு கையெழுத்து வைக்கச் சொன்னார். ரீச்சர் வைத்தார். அதிகாரி அந்தத் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்காமல் விசாரணைக் கோப்பை மூடினார்.

"ரீச்சர், உங்களை இஞ்சை கூப்பிட்டிருக்கக் கூடாது," என்றார்.

"கூப்பிட்டது சரிதான்," என்றார் ரீச்சர். "எழுதின ஆள் கண்டது பொய்யில்லை. நான் சைக்கிள் ஓடுறனான்."

ஓட்டோவில் ஏற்றும்போது நான் கிட்டப் போனேன். ஆசிரியர் அறையில் சிரித்ததைச் சொன்னேன். சொல்லாமல் வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை. ரீச்சர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தின் அசைவையும் எடுத்துவிடுகிற வருத்தம் அது. கோபமா, கவலையா, ஒன்றும் பிடிபடவில்லை. ஓட்டோ வெளிக்கிடும் நேரத்தில், "ஞாயிற்றுக்கிழமை காலமை வாரும். இவருக்கு முழங்கால் நோ. பிடிச்சுத் தள்ள ஒரு ஆள் வேணும்," என்றார்.

அப்படித்தான் நான் போகத் தொடங்கினேன். கொஞ்ச நாளைக்கு வெளியில் போகாமல் விடுவோம் என்று லயனல் சொல்லிப் பார்த்தார். இப்போது விட்டால் எழுதினவனுக்குத்தான் வெற்றி என்று ரீச்சர் சம்மதிக்கவில்லை. ஞாயிறுகளில் நான் கரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். கையில் முதலில் அவருடைய முழுப் பாரமும் இருக்கும். நாலைந்து உழக்கில் அது இலேசாகும். பிறகு கையில் ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து கதிரையில் இருத்திய பிறகு, குளிசை வேலை செய்கிற அந்த ஒரு மணித்தியாலத்தில், தெல்லிப்பழையையும் சோளகத்தையும் தகப்பனையும் எனக்குச் சொன்னார்.

2023 நத்தார்ப் பண்டிகைக்கு அனுஜா வந்தாள். தாய் சைக்கிள் ஓடுகிற காணொளிகளை லயனல் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, தாய் தேறிவிட்டார் என்ற நினைப்பில் வந்தவள், முதல் நாள் தாய் அறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வருவதைப் பார்த்தாள். எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். அங்கே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாளாம். அன்று பின்னேரம் தகப்பனோடு சண்டை பிடித்தாள். விழுந்து எலும்பு முறிந்தால் யார் பார்ப்பது, நான் அங்கேயிருந்து ஓடி வர முடியுமா என்றாள். அடுத்த நாள் காலை லயனல், கரியரைப் பிடிக்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்.

அனுஜா வெறுங்காலோடு ஒழுங்கை முடிவு வரை ஓடினாள். கையை விட்ட பிறகும் நிற்காமல் பின்னால் ஓடினாள். ஊரில் நின்ற வரைக்கும் பிறகு சண்டை பிடிக்கவில்லை. திரும்பிப் போவதற்கு முதல் நாள் என்னிடம் வந்தாள்.

"நான் வளரேக்கை அம்மா எப்பவும் களைச்சுப்போய்த்தான் இருந்தவா, அக்கா. இப்பிடி ஒரு முகம் அவவிட்டை இருந்தது எனக்குத் தெரியாது," என்றாள்.

2024 பங்குனியில் ரீச்சர் விழுந்தார். சைக்கிளால் அல்ல, குளியலறைப் படியில். இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். எலும்பு பொருந்தியது. ஆனால் படுக்கையில் கிடந்த அந்த மூன்று மாதத்தில் பார்க்கின்சன் மூன்று வருடத் தூரம் ஓடிவிட்டது. சைக்கிள் ஓடித்தான் விழுந்தவா என்று ஊரில் கதைத்தார்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே நின்றபோது, வாழ்நாளில் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத லயனல் படியில் ஏறி நின்றார். மிரியம் விழுந்தது குளியலறைப் படியில், சைக்கிளால் அவர் ஒருநாளும் விழவில்லை, இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். சொல்லிவிட்டு இறங்கி நேரே வீட்டுக்குப் போனார்.

ஆவணியில் ஒருநாள் ரீச்சர் ஒரு தடவை ஏற்றிப் பார்க்கச் சொன்னார். லயனல் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்தோம். சீற்றில் இருந்தார், ஹாண்டிலையும் பிடித்தார். உடம்பு வலப்பக்கம் சரிந்துகொண்டே போனது. நிமிர்த்த நிமிர்த்தச் சரிந்தது. ஓர் உழக்குக்கூட வரவில்லை. "சரி, இறக்குங்கோ," என்றார். இறக்கினோம். அன்றைக்கு அவர் அழவில்லை. நான் வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிற்பாட்டி, ஒரு வேலியோரம் நின்று அழுதேன்.

இப்போது அவர் சில்லு வைத்த கதிரையில் இருக்கிறார். எழுத்தைப் போலவே குரலும் சிறுத்துவிட்டது. கிட்டப் போய்க் காதைக் கொடுத்தால்தான் விளங்கும். லயனலும் ஓய்வு பெற்றுவிட்டார். சைக்கிளைப் பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார். ரீச்சர் விரிப்பை எடுக்கச் சொன்னார். எடுத்த பிறகு, இனி நீங்கள் தனியாகப் போய்வாருங்கள் என்றார். லயனலுக்கு விருப்பமில்லை. ஆனாலும் போகிறார். முழங்கால் நோவோடு ஒவ்வொரு காலையும் கச்சாய் வீதியால் போய்த் திரும்பி வந்து, கதிரைக்குப் பக்கத்தில் இருந்து, கண்டதைச் சொல்ல வேண்டும்.

அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆறு பத்துக்கு வெளிக்கிட்டனான், ஆறு ஐம்பதுக்கு வந்து சேர்ந்தனான் என்று வழக்குப் பதிவு வாசிக்கிற மாதிரித்தான் வரும். மதகடியில் தண்ணீர் ஓடுகிறதா என்று ரீச்சர் கேட்பார். கவனிக்கவில்லை என்பார். நாளைக்குக் கவனித்துக்கொண்டு வரச் சொல்வார் ரீச்சர். அதன் பிறகு லயனல் இடையில் இறங்கி நின்று பார்க்கிறார். எந்த வயலில் நெல் அருவி வெட்டியாயிற்று, எந்தப் பனையில் காவோலை தொங்குகிறது என்று இப்போது அவருக்குத் தெரியும். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் பாடம் சொல்கிற பிள்ளையைப் போல யோசித்து யோசித்துச் சொல்வார். ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

போன ஞாயிறு நான் போயிருந்தபோது லயனல் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். மதகுக்குக் கீழே தண்ணீர் வற்றிவிட்டது, கொக்கு ஒன்றும் இல்லை என்றார். ரீச்சரின் உதடு அசைந்தது. லயனல் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, முகத்து வியர்வையைச் சால்வையால் துடைத்துக்கொண்டு, மறுபடி சைக்கிளை எடுத்தார்.

"இன்னும் அங்காலை போய்ப் பாக்கட்டாம்," என்றார் என்னிடம். "நீர் குளிசையைக் குடுத்துவிடும், பிள்ளை. நான் வாறன்."